இரும்பு மோதிரமும் நம் வீட்டு டேங்கும்

பிரகாசு,

தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன், உன் அம்மா நின்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனாள். அதற்கு மேல் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எனக்கு உன்மேல் கோபம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு பேச்சு: "அந்தப் பித்தளை டேங்க் எங்களுது இல்ல, எதிர் வீட்டுக்காரர் குடுத்து வெச்சதுன்னு ஹன்னா அம்மாகிட்ட சொல்லிடுப்பா. கல்யாணம் நடந்துரும்." சொல்ல முடியாது என்றால் நாங்கள் இரண்டு பேரும் லித்துவேனியாவில் இருக்கிற வில்னியஸுக்கு வரவே வேண்டாம் என்றாய். ஒரே பிள்ளையின் கல்யாணத்துக்குப் பெற்றவர்கள் போவதும் போகாததும் கடைசியில் எதிர் வீட்டுக்காரர் கையில் வந்து நிற்கிறது. அந்த மனுஷனுக்குத் தெரிந்தால் சிரித்தே செத்துப்போவார்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீதான் எனக்கு எதையுமே முதலிலிருந்து சொல்லவில்லையே. தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறை வீடியோ காலில் அவர்கள் வீட்டைக் காட்டினாய். ஹன்னா கையெடுத்துக் கும்பிட்டாள். உன் அம்மா பெண்ணின் முகத்தைப் பார்த்ததைவிட விரலைத்தான் பார்த்தாள். "இன்னாங்க இது, கண்ணாலம் கட்டிக்கப் போற பொண்ணு, பொட்டுத் தங்கம் இல்லாம இரும்பு மோதிரம் போட்டுகினு கீது? அந்த ஊர்லயும் சனி புடிக்குமா?" என்று என் காதில் கேட்டாள். காதில் என்றுதான் பேர், உங்கள் ஊர் வரைக்கும் கேட்டது. நீ அதை இங்கிலீஷில் சொன்னதும் ஹன்னா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்தார். அவர் சொல்ல, ஹன்னா இங்கிலீஷில் சொல்ல, நீ தமிழில் சொல்ல, எங்களுக்கு வந்து சேருவதற்குள் காபி ஆறிப்போனது. ஆனாலும் நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

அது அவர்கள் குடும்பத்தின் வம்ச மரம். போலந்தும் லித்துவேனியாவும் ஒரே ராஜ்ஜியமாக இருந்த காலத்தில் நிலமும் பட்டமும் வாங்கிய குடும்பம். மேலே குடும்பச் சின்னம், ஒரு குதிரை லாடமும் அதன் நடுவில் ஒரு சிலுவையும். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றபின் அந்த மனுஷன் இதே வேலையாக அலைந்திருக்கிறார். மாதா கோயில்களில் ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டுவதும், எல்லை தாண்டிப்போய்ப் பழைய கோர்ட்டுக் கட்டுகளைத் தேடுவதுமாக. ரஷ்யா அந்த நாட்டை விழுங்கியபின் ஜார் அரசாங்கம் அந்தப் பிரபுக்களைப் பார்த்து, நீ பிரபுதான் என்பதற்குக் காகிதம் காட்டு என்றதாம். காட்ட முடியாதவர்களை ஒரே நாளில் குடியானவர்களாக எழுதிவிட்டார்களாம். இவர்கள் காட்டினார்கள். காட்டியும் என்ன ஆயிற்று? ஜாருக்கு எதிரான முதல் கலகத்தில் ஒருவன் செத்தான். அடுத்த தலைமுறையில் மறுபடி கலகம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் காட்டுக்குள் போனார்கள். தம்பியைப் பிடித்து விலங்கு போட்டு சைபீரியாவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை. அண்ணனை வில்னியஸ் சந்தைத் திடலில் தூக்கில் போட்டார்கள். நிலம், வீடு, மாடு, குதிரை எல்லாம் பறிமுதல். ஊர்ப் பெண்களெல்லாம் தங்கத்தைக் கழற்றிவிட்டுக் கறுப்புத் துணியும் இரும்பு நகையும் போட்டுக்கொண்டார்களாம். கறுப்பு உடுத்தினால் அபராதம் என்று போலீஸ் மிரட்டியும் விடவில்லை. அந்த அண்ணன் பெண்டாட்டி போட்ட மோதிரம்தான் ஹன்னா விரலில் இருப்பது. உன் அம்மா அதைக் கேட்டதும், "நம்ப ஊட்ல புருஷன் பூட்டான்னா எல்லாத்தையும் கயட்டுவாங்க. இவுங்க மாட்டிகினாங்களா" என்றாள். பிறகு அந்த மோதிரத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அந்தக் கதையில் என் மனசில் ஓடிய ஒன்றை மட்டும் அன்று உன்னிடம் சொல்லவில்லை. அந்த அண்ணனைக் காட்டிலிருந்து கட்டி இழுத்துவந்து ரஷ்யர்களிடம் ஒப்படைத்தது யார் என்றால், அவன் நிலத்தை உழுத ஆட்களே. "எங்கள் சோற்றைத் தின்றவர்கள்" என்று ஹன்னாவின் அப்பா சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உச்சுக் கொட்டினேன். ஆனால் என் மனசு தூக்குக் கயிற்றுக்குப் போகவில்லையடா, கட்டி இழுத்து வந்தார்களே, அவர்களிடம் போயிற்று. உன் கொள்ளுத் தாத்தா பூந்தமல்லிப் பக்கம் ஏரிப் பாசன நிலத்தில் அடுத்தவனுக்கு உழுதவர். அவருக்கு அப்பா பேர் என்ன என்று எனக்குத் தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது. யாரும் எழுதிவைக்கவில்லை, எழுதிவைக்க யாருக்கும் தோன்றவுமில்லை. யார் சோற்றை யார் தின்றது என்று அந்த டாக்டரிடம் கேட்க வாயெடுத்தேன், சம்பந்தி ஆகப்போகிறவர் என்று விழுங்கிவிட்டேன். அவர் அந்தப் படத்தில் வலது பக்கம் வெறுமையாக இருந்த இடத்தைத் தொட்டு, "இது உங்கள் பையனுக்கு. உங்கள் பக்கத்துப் பெயர்களைச் சொல்லுங்கள், எழுதுகிறேன்" என்றார். நல்ல மனுஷன். நான் என் பேர், என் அப்பா பேர், தாத்தா பேர் மூன்றையும் சொல்லிவிட்டு, "அதுக்கு மேல தெரியாது சார்" என்றேன். என் உத்தியோகம் கேட்டார். "ஆவடியில வேலை" என்று சொல்லி முடிப்பதற்குள் நீ குறுக்கே புகுந்து "ரயில்வே" என்றாய். ஆவடி ஸ்டேஷனைப் பற்றி ஏதோ சொல்கிறான் என்று நானும் விட்டுவிட்டேன். படத்தின் அடியில், ஹன்னா பேருக்குப் பக்கத்தில் இன்னொரு பேர், அதன் மேல் குறுக்காக ஒரு கறுப்பு நாடா. அலங்காரத்துக்கு ஒட்டியது என்று நினைத்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நம் வீட்டு டேங்கைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆவடியில் பட்டாளத்துக்கு டேங்க் செய்கிற ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் என் அப்பா என்னை ஐ.டி.ஐ. சான்றிதழோடு இழுத்துக்கொண்டு ஓடினார். வேலை கிடைத்த அன்று கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள், என் பேரும் போட்டோவும் போட்டது. நம் குடும்பத்தில் ஒருவன் பேரைச் சர்க்கார் அச்சடித்தது அதுதான் முதல்தடவை. அப்பா அதை வாங்கி, எழுத்துக்கூட்டி, வேட்டி நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய், அந்தச் சம்பளத்தில்தான் பட்டாபிராமில் இந்த வீடு. ஓய்வு பெறும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளையில் சின்ன டேங்க் கொடுத்தார்கள். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். சின்னப் பிள்ளையில் ஃபேக்டரியிலிருந்து ரயிலில் ஏற்றிப்போகும் டேங்குகளைப் பார்த்து "எங்கப்பா செஞ்சது" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினவன் நீதான்.

இரண்டாவது வீடியோ கால் நிச்சயம் பேசுவதற்கு. பெண் வீட்டார் மொத்தப் பேரும் உட்காருகிறார்கள், ஹாலைப் பளிச்சென்று வையுங்கள் என்றாய். வைத்தேன். அம்மா புதுப் புடவை கட்டினாள். நான் சுவரில் இருந்த காலண்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்டூல் போட்டு, டேங்கைத் துடைத்து, சந்தனக் கீற்று போட்டு, குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சுற்றி, கேமராவுக்கு நேராக என் தோளுக்குப் பின்னால் வைத்தேன். அவர்கள் குதிரை லாடத்தைக் காட்டினார்களே, நாமும் நம்முடையதைக் காட்டுவோம் என்ற கெத்து. அது போதாதென்று இன்னொன்றும் செய்தேன். அந்தக் காலத்தில் ஃபேக்டரியில் எங்கள் பிரிவுக்கு ரஷ்யாவிலிருந்து இன்ஜினியர்கள் வருவார்கள். நல்ல மனுஷர்கள், எங்களோடு உட்கார்ந்து புளிசாதம் தின்றவர்கள். வணக்கம் சொல்ல அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை கற்றுக் கொடுத்திருந்தார்கள். ஹன்னா வீடு அந்தப் பக்கம்தானே, ஜார் காலத்துப் பகை ஜாரோடு போயிருக்கும், கேட்டால் சந்தோஷப்படுவார்கள் என்று, திரையில் அவர்கள் வந்ததும் கையைக் கூப்பி, வாய் நிறையச் சிரித்து, அந்த ரஷ்ய வணக்கத்தைச் சொன்னேன்.

ஹன்னா அம்மாவின் முகத்தை நீயும் பார்த்தாய். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். மெதுவாக எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். டாக்டர் என்னிடம் நேராகவே, "அது என்ன?" என்று கேட்டார். நான் மடையன், சம்பந்தி ஆர்வமாகக் கேட்கிறார் என்று நினைத்து, "டேங்க் சார். ரஷ்யன் டிசைன். ஐ மேட். வெரி குட் டேங்க்" என்றேன். திரை கறுத்துப்போயிற்று. நெட் போய்விட்டது என்று உன் அம்மா மோடத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் நீ போன் பண்ணி, "ஏன்பா என் மானத்த வாங்குற?" என்றாய். அப்போதுதான் தோமாஷ் என்று ஒரு பிள்ளை இருந்ததே எங்களுக்குத் தெரியும். ஹன்னாவின் அண்ணன். தாத்தாக்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன், உக்ரைனில் ரஷ்யர்களோடு சண்டை மூண்டதும் யார் தடுத்தும் கேட்காமல் போய்ச் சேர்ந்துகொண்டவன், அங்கே ஒரு கிராமத்தில் டேங்க் குண்டில் செத்தவன். அந்தக் கறுப்பு நாடா அவன் பேர்மேல். நீ சொல்லி முடித்தபோது உன் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த மவராசி முன்னாடி பூ சுத்தி வெச்சிக்கினு குந்தினு இருந்தமே, பாவிங்க நாம" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் ஃபேக்டரி வண்டி எதுவும் அங்கே போகவில்லை, அது வேறு. ஆனால் வார்ப்பு ஒன்றுதானே. அந்தத் தாய்க்கு வித்தியாசம் தெரிய வேண்டுமென்று எந்த வாயால் சொல்வது?

நான் வெட்கப்பட்டேன், அதை மறைக்கவில்லை. ஆனால் நீ எதற்காக வெட்கப்பட்டாய் என்று யோசித்துப் பார். தோமாஷ் செத்ததற்கு முந்தியே என்னை ரயில்வேக்காரன் ஆக்கிவிட்டாய் என்று ஹன்னா போனில் சொன்னாள், அந்தப் போனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அப்படியானால் டேங்க் இல்லை உன் பிரச்சினை. அழுக்குக் காக்கிச் சட்டை, மூன்று பேருக்கு மேல் போகாத வம்சம், அதுதான் உன் பிரச்சினை. அவர்கள் காகிதம் காட்டச் சொன்னவனுக்கு எதிராகக் கழுத்தைக் கொடுத்தார்கள். உன்னிடம் யாருமே காகிதம் கேட்கவில்லை, நீயாகவே இருந்த ஒரு பேரையும் அழித்துவிட்டாய். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் அப்பன் தொழிலை மறைக்கிறவன் நாளைக்கு எதை மறைக்கமாட்டான்? நான் உன் அம்மாவிடம் முப்பது வருஷத்தில் ஆயிரம் சண்டை போட்டிருக்கிறேன், ஆனால் நான் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்தது கிடையாது. குடித்தனத்துக்கு அது போதும். இதை நீ புத்திமதி என்று எடுத்துக்கொண்டாலும் சரி, திட்டு என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

அம்மா அந்த டேங்கைப் பழைய துண்டில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள். நானும் இரண்டு நாள் விட்டுவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் கதையைச் சொல்லித் தொலைத்துவிடலாம், பிள்ளை கல்யாணத்தைவிட இந்தப் பித்தளை பெரிதா என்றுகூட நினைத்தேன். உனக்கு அது தெரிய வேண்டும். சொல்லவும் ஒத்திகை பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்று, இங்கிலீஷில். அந்த நேரத்தில்தான் ஹன்னா போன் பண்ணினாள். மத்தியானம், அம்மா காய் வாங்கக் கடைப்பக்கம் போயிருந்தாள். வீடியோ இல்லை, குரல் மட்டும். "அப்பா, நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பிரகாஷிடம் கேட்டேன். அவனுக்குத் தெரியாது, உங்களிடம் கேட்கவும் பயப்படுகிறான்" என்றாள். பிறகு, "அதைக் கேட்பதற்கு முன்னால், அந்த டேங்க் உண்மையாகவே நீங்கள் செய்ததா?" என்றாள்.

ஒத்திகை பார்த்த வசனம் நாக்கில் ரெடியாக இருந்தது. வரவில்லையடா. "ஆமாம்மா, நான்தான். குண்டு போடுகிறவன் பார்க்கிற கண்ணாடி இருக்குமே, அதைப் பொருத்துகிற வேலை. கடைசி வரைக்கும் அதே வேலை" என்று எனக்குத் தெரிந்த ஃபேக்டரி இங்கிலீஷில் சொன்னேன்.

பிறகு அவள் சொன்னாள். தோமாஷ் அன்று ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேனோடு நின்றிருக்கிறான். தலைக்கவசம் இல்லை. தூரத்தில் ஒரு டேங்க் வந்து நின்றதாம், உடனே சுடவில்லையாம், சும்மா நின்றதாம். அப்புறம் சுட்டது என்று கூட இருந்து பிழைத்தவன் வந்து சொல்லியிருக்கிறான். "அம்மா தினமும் அதையேதான் கேட்கிறாள். அவன் எங்கள் தோமாஷின் முகத்தைப் பார்த்தானா? பார்த்துவிட்டுச் சுட்டானா? உங்கள் கண்ணாடியில் முகம் தெரியுமா, அப்பா?"

பிரகாசு, நான் பொருத்தியது பழைய மாதிரி என்றோ, எனக்கு மறந்துவிட்டது என்றோ சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அம்மா இன்னொருவரைத் தேடிக் கேட்பாள். அதனால் அடித்துச் சொன்னேன். "தெரியாதும்மா. நான் தினமும் பார்த்தவன் சொல்கிறேன். அவ்வளவு தூரத்துக்கு வெறும் நிழலாட்டம்தான் இருக்கும். ஆளா, மரமா, கம்பமா என்றே தெரியாது. அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை." ஹன்னா அதைத் தன் பாஷையில் யாரிடமோ சொன்னாள். அப்போதுதான் பக்கத்தில் அவள் அம்மா உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. அழுகைச் சத்தம் இல்லை. ரொம்ப நாளாக அடக்கிவைத்த மூச்சை விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் பொறுத்து ஹன்னா சொன்னாள்: "அம்மா உங்களை வரச் சொல்கிறாள். ரஷ்ய வார்த்தை மட்டும் வேண்டாமாம்."

ஆகவே நாங்கள் வருகிறோம், உன் அனுமதி இனித் தேவையில்லை. டேங்கைப் பரணிலிருந்து இறக்கி அதன் இடத்தில் வைத்துவிட்டேன், பூ இல்லாமல். எதிர் வீட்டுக்காரருடையது என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கு என் பதிலுக்குக் காலணா மதிப்பு இருந்திருக்காது. செய்தவன் சொல்கிறான் என்பதால்தான் அந்தத் தாய் நம்பினாள். நீ மறைக்கச் சொன்ன பேரை வைத்துத்தான் உன் கல்யாணம் நடக்கப்போகிறது. உன்னை நன்றாகக் குத்திக்காட்டி முடிக்கலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஆனால் பொய் சொல்லாதே என்று உனக்கு எழுதுகிற யோக்கியதை எனக்கும் இப்போது போய்விட்டது, ஏன் என்று நீயும் தெரிந்துகொள்.

நாம் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், வண்டியைச் சோதனைத் திடலுக்கு ஓட்டிக்கொண்டுபோய், குண்டில்லாமல், அந்தக் கண்ணாடி சரியாக நிற்கிறதா என்று பார்ப்போம். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்துப் பார்க்க வேண்டும். ஒருதரம் வேடிக்கையாக இன்னும் கொஞ்சம் திருப்பினேன். நம் வீட்டு மொட்டைமாடி வந்தது. உன் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி வியர்வையில் பொட்டு கரைந்திருந்தது. பல்லில் ஒரு கிளிப்பைக் கடித்துக்கொண்டு, உன் சின்னச் சட்டையை உதறினாள். யாரோ பார்க்கிற மாதிரி சட்டென்று நிமிர்ந்து, நேராக என்னைப் பார்த்தாள். நான் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவளும் சிரித்தாள். இப்போது கண்ணை மூடினால் அந்த மாடியில் அவள் இல்லை, தண்ணீர் கேனோடு ஒரு பையன் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறான்.

கல்யாணத்தில் ஹன்னாவின் அம்மா எனக்கு எதிரில்தான் உட்காருவாள். நான் சமாளித்துக்கொள்வேன். எனக்குப் பிறகும் அவள் கேட்பாள், உன்னிடம் கேட்பாள், உன் பிள்ளைகளிடம்கூடக் கேட்பாள். அப்பா ஃபேக்டரியில் அந்தக் கண்ணாடியைப் பொருத்தியவர் என்று முதலில் சொல். அப்புறம், அதில் முகம் தெரியாது என்று சொல்.

அப்பா